எலி டாக்டர் சொன்னால் நம்புவார்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். மாடியில் நான் பேசினால் கீழே சலூனில் இருக்கும் உன் அத்தானுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். அதனால்தான் தபால்.

உன் அத்தானின் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. வயிற்றில் இருக்கும் புற்றுநோய்க் கட்டி குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. கீமோ மாத்திரை பலிக்கவில்லை. டாக்டர் நல்ல மனிதர், உட்காரவைத்துத்தான் சொன்னார். கட்டிக்குள் ஸ்டெம் செல் மாதிரி சில செல்கள் இருக்கின்றனவாம். அவற்றில் உள்ள ஏதோ புரதம், உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறதாம். மற்றவை செத்தாலும் அவை பிழைத்து மறுபடி பெருகுமாம். நீ ஆய்வகத்தில் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுவது இதோடுதானே? அவர் பேசப் பேச உன் முகம்தான் என் கண்முன் நின்றது.

இனி சொல்வதை நிதானமாகப் படி. அந்த மாத்திரையால் உன் அத்தானுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து, விரல் நுனி மரத்துப்போயிருந்தது. சொன்னால் சலூனை மூடச் சொல்வார்கள் என்று டாக்டரிடம் மறைத்துவிட்டார். சவரக்கத்தி பிடிக்கிற கை. நம்பிக் கழுத்தைக் காட்டுகிறவனைக் கீறிவிட்டால் என்ன செய்வது என்று, கூட்டம் வரும் நாட்களுக்கு முன்னால் மாத்திரையை விழுங்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்கேனுக்கு அப்புறம் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வந்த ஆத்திரத்தில் சீப்பு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் எறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

போன முறை வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே பெருமையாக ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் செல்கள் பழகிக்கொள்ளும், மருந்துக்கு மசியாத செல்களை நாங்களே அப்படித்தான் வளர்க்கிறோம் என்று. அன்றைக்கு அவருக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இப்போது அதையே பிடித்துக்கொண்டு, உனக்கு அவர் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, “எலி டாக்டர் அன்னைக்கே சொன்னா. நான்தான் விட்டு விட்டுப் போட்டு அதை வளர்த்துட்டேன்” என்கிறார்.

மாத்திரை விஷயத்தை நானே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அப்படி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்தச் செல்கள் ஆரம்பத்திலேயே இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேறு மருந்து ஏற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள். “குடுத்ததை வீணாக்கினவனுக்கு இன்னொன்னு எதுக்கு?” என்று கிளம்ப மறுக்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், காலில் விழாத குறை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கம்.

அந்தப் புரதத்தை அடக்க எலிகளுக்கு ஏதோ மருந்து கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னாயே, அதில் துளி கிடைக்காதா? மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்பாய். தெரியும். தெரிந்தும் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

அது முடியாதென்றால் இதையாவது செய். உன் அத்தானுக்கு உன் கைப்பட எழுது. அந்தச் செல்கள் முதலிலிருந்தே இருந்தவை, மாத்திரையை விட்டதால் வந்தவை அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று எழுது. டாக்டரை நம்பாதவர் எலி டாக்டரை நம்புவார். வழக்கம்போல அவர் வழுக்கையைக் கொஞ்சம் கேலி செய். இல்லாவிட்டால் நான் சொல்லிக்கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார்.

நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். ஒன்றே ஒன்று. உண்மை வேறாக இருந்தால், அதை எனக்குத் தனியாக எழுதிவிடாதே. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா