இறுதி ஆட்டத்தில் மைக்கைத் திரும்பத் தரக் கோரி

அனுப்புநர்:
கோ. லக்ஷ்மிப்ரியா,
முதுநிலை இயந்திரப் பொறியியல் மாணவி,
மாணவர் விடுதி, ஹனோவர்.

பெறுநர்:
திரு. ஞானசுந்தரம் அவர்கள்,
போட்டிச் செயலாளர்,
தமிழ் மாணவர் கால்பந்துக் கிண்ணக் குழு,
டோர்ட்மண்ட்.

பொருள்: அரையிறுதி ஆட்டத்தின் நடுவே என் மைக் பறிக்கப்பட்டது – வரும் சனிக்கிழமை இறுதி ஆட்டத்தை வர்ணனை செய்ய அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் விளாத்திகுளத்தைச் சேர்ந்தவள். அங்கே பேருந்தை விட்டு இறங்கினால் நான் யார் மகள் என்று டீக்கடைக்காரர் முதல் எல்லோருக்கும் தெரியும். ஹனோவரில் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவருக்கே என் பெயர் தெரியாது. ஜெர்மன் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் முதல் பருவம் முழுக்க வாயைப் பூட்டி வைத்திருந்தேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்.

2. அறைத்தோழி மிதுஷா ஒருநாள் பல்கலைக்கழக அணியின் ஆட்டத்துக்கு என்னை இழுத்துப் போனார். மழையில் தொப்பலாக நனைந்தபடி அத்தனை மாணவர்கள் பாடிக் குதிப்பதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என்னை அறியாமல் தமிழில் வர்ணனை செய்யத் தொடங்கிவிட்டேன். எங்கள் ஊர்க் கபடிப் போட்டிகளில் கேட்டு ஊறிய வர்ணனை அது. அங்கே மைக் பெண்கள் கைக்கு வந்ததே இல்லை. இங்கே யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், எந்த இடம் காலி, யார் கோட்டை விடப் போகிறார் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதன்பின் ஓர் ஆட்டத்தையும் நான் விட்டதில்லை.

3. மிதுஷாவின் சிபாரிசின் பேரில் தங்கள் குழு இந்தக் கிண்ணப் போட்டியை வர்ணிக்க எனக்கு மைக் தந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு இன்றும் நன்றியுடையேன்.

4. கடந்த ஞாயிறு அரையிறுதியில் எங்கள் ஹனோவர் அணியும் டோர்ட்மண்ட் அணியும் மோதின. ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, பழக்கதோஷத்தில், "ஐயோ, ஹனோவருக்கு இடது பக்கம் ஒருத்தருமே இல்லையே!" என்று ஒலிபெருக்கியில் அலறிவிட்டேன். மைதானத்தில் இருந்த அனைவருக்கும் தமிழ் தெரியும் என்பது அந்த நொடியில் எனக்கு உறைக்கவில்லை. டோர்ட்மண்ட் வீரர் சுலக்சனுக்கு உறைத்துவிட்டது. பந்து இடது பக்கம் போனது, கோல் விழுந்தது.

5. எங்கள் அணித்தலைவர் ஜெயகாந்த் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒலிபெருக்கிப் பொறுப்பாளர் டக்ளஸ் அண்ணை, "தங்கச்சி, இனி நீங்கள் கதைக்க ஏலாது, மைக்கைத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டார். பிறகு ஹனோவர் இரண்டு கோல் போட்டு வென்றது. அந்த வெற்றிக் கோலின்போது ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. நானும் வாயடைத்து நின்றேன்.

6. நான் நடுநிலை தவறியதாக ஜெயகாந்த் எழுத்துமூலம் புகார் அளித்துள்ளதாக அறிகிறேன். சொந்த அணிக்கு எதிராகவே கோல் விழ வழி சொன்னவளைவிட நடுநிலையான வர்ணனையாளரைக் குழு எங்கே தேடப் போகிறது என்று பணிவுடன் வினவுகிறேன்.

7. மைதானத்தில் ரோல்ஸ் என்னும் இலங்கைச் சிற்றுண்டி விற்ற சுந்தரேஸ்வரி அக்கா, "பிள்ளை, நீர் கதைக்கேக்கைதான் எனக்கு ஆட்டம் விளங்கினது" என்றார். அவர் டோர்ட்மண்ட் ரசிகை என்பதையும் சாட்சியமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

8. இனி நடந்து முடிந்ததை மட்டுமே சொல்வேன். காலி இடம், தனியாக நிற்பவர், பின்னால் ஓடி வருபவர் என்று எதைப் பற்றியும் மூச்சு விட மாட்டேன் என உறுதி அளிக்கிறேன்.

ஆகவே ஐயா, சனிக்கிழமை ஹனோவருக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் நடக்கும் இறுதி ஆட்டத்தில் மைக்கை என்னிடமே தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அனுமதி கிடைக்காவிட்டாலும் நான் வருவேன். பார்வையாளராகக் கோட்டுக்கு வெளியே நிற்பேன். சென்ற முறைபோல வாயடைத்து நிற்கும் உத்தேசம் இல்லை. மைக் கையில் இல்லாதபோது மேற்படி உறுதிமொழியும் என்னைக் கட்டுப்படுத்தாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: ஹனோவர்
நாள்: 10.06.2025

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்து, தொண்டையைத் தயாராக வைத்திருக்கும்,
கோ. லக்ஷ்மிப்ரியா
(ஒப்பம்)