மாமல்லபுரத்தில் பெல்ட் தேர்வு

கல்பாக்கம்
4.12.2005

செல்ல மீராவுக்கு அம்மாவின் ஆசிகள்.

நீயும் பாலாவும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? புனேயில் குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொள். போனில் கூப்பிட்டால் நாம் இருவரும் அழுதே நேரம் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை.

நான் மறுபடி கராத்தே வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. நீ போன பிறகு சாயங்காலம் ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சம்பத் மாஸ்டர் இன்னமும் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக டவுன்ஷிப் கூடத்துக்கு வந்துவிடுகிறார். இன்னமும் முதல் அரைமணி வெறும் அடிப்படைதான். குதிரைமேல் உட்கார்ந்தாற்போல் முட்டியை மடக்கி நின்றுகொண்டு குத்து, தடுப்பு, உதை. என் முட்டிதான் பழைய முட்டி இல்லை.

நீ சின்னவளாக இருந்தபோது உன்னைக் கொண்டுவிட வந்து, வெளியே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த என்னை அவர்தானே உள்ளே கூப்பிட்டார். உனக்கு மஞ்சள் பெல்ட், எனக்கு வெள்ளை. நீ சீனியர் என்று நான்தான் உனக்கு முதலில் தலைகுனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். உனக்கு ஒரே வெட்கம். ஜோடியாகச் சண்டை போடும்போது குத்து முகத்தில் படாமல் நிற்க வேண்டும் என்பது விதி. அம்மாவைக் குத்த மாட்டேன் என்று நீ அழுதாய். ஒருநாள் குத்தினாய். காற்று மட்டும் என் மூக்குத்தியில் பட்டது. அதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடித்துக் காட்டினோம். எப்படிச் சிரித்தார்!

போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரையில் எனக்கு, அன்று பாக்கி வைத்த பிரவுன் பெல்ட் தேர்வு. அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். உடனே திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

காட்டா செய்யச் சொன்னார்கள். இல்லாத எதிரியோடு தனியாக நாலு திசையும் திரும்பிப் போராடி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். மணலில் கால் புதைந்து ஓரடி தள்ளித்தான் நின்றேன். ஆனாலும் பெல்ட் கொடுத்துவிட்டார்கள்.

மாஸ்டர் வந்து அப்பாவுக்குக் கைகொடுத்தார். நம் வீட்டு விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. "மீரா எங்க சார் கீது? கண்ணுலயே காணோமே?" என்று கேட்டார்.

நீ உன் இஷ்டப்படி பாலாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அப்பா எதிரில் யாரும் உன் பெயரை எடுத்ததில்லை. இரண்டு பேரும் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னவர் அல்லவா?

அப்பா கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "புனேல இருக்கா. பொங்கலுக்கு மாப்பிள்ளையோட வருவா."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, உன் அறை மின்விசிறியைத் துடைத்தார்.

அவராக உன்னைக் கூப்பிட மாட்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும். ஆனால் வெளி மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதைப் பொய்யாக்கிவிடாதே, கண்ணே. மாப்பிள்ளைக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்
அம்மா