மீட்டரில் ஒட்டிய கறுப்புப் பொட்டு

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு,

முத்துசெல்வம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பசுவந்தனையில் மழை உண்டா? நம் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். மாசமாக இருக்கும் உங்கள் மருமகள் சுப்புத்தாய் கேட்டால் பயந்துவிடுவாள். அதனால் நாளை ஊருக்கு வரும் காளீஸ்வரனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன வாரம் நான் ஓட்டும் கம்பெனி காரில் இன்ஜின் விளக்கு மினுக்கியது. இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று மிதித்தேன். நடுரோட்டில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டார். எனக்குக் கீறல்கூட இல்லை. "விளக்கு விடாமல் எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்குப் போ, மினுக்கினால் ஓரங்கட்டி நிறுத்து" என்று மெக்கானிக் திட்டினார்.

அப்பா, நம் கார் மீட்டரில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறதே. "ஏலே, வண்டிக்குமா பொட்டு?" என்று கேட்டீர்கள். கண் படாமல் இருக்க என்றேன். அது பொய். போன லீவில் நம் காரிலும் அந்த இன்ஜின் விளக்கு எரிந்தது. மெக்கானிக்கிடம் காட்ட நேரமில்லை. நீங்கள் பதறக் கூடாதென்று, சுப்புத்தாயின் ஸ்டிக்கர் பொட்டை நான்தான் அதன்மேல் ஒட்டினேன்.

அதை உரித்துவிட்டு, கோவில்பட்டியில் வண்டியைக் காட்டுங்கள். அதுவரை மிளகாய் மூட்டை ஏற்ற வேண்டாம். சுப்புத்தாய்க்கு வலி எடுத்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். கரிசல் காட்டு நடுவில் அந்தக் கார் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

வீடியோ காலில் அவள் நெற்றியில் அதே பொட்டு. பார்த்ததும் நெட்வொர்க் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். காளீஸ்வரன் கூப்பிடுகிறான். சீக்கிரம் உரித்துவிடுங்கள் அப்பா.

முத்துசெல்வம்