சண்டை ரீலில் கூட்டிய சத்தம்

தம்பிக்கு,

பாலம் ஆற்றோடு போன வருஷம் அது. தனி ஆளாக ஒரு போலீஸ்காரர் சாராயக் கும்பலை நொறுக்கும் படம் நம் தியேட்டரில் ஓடியது. நம் இன்ஸ்பெக்டர் மூன்று முறை வந்தார். "அவன் கையில கட்டை, என் கையில லத்தி, அவ்வளவுதான்யா வித்தியாசம்" என்று சிரிப்பார்.

நான் ஆபரேட்டர். எழுத்து தெரியாததால் ரீல் பெட்டிகளில் ஆணியால் கீறி அடையாளம் வைத்திருந்தேன். மதிய ஆட்டத்தில் நீ மேலே வந்து, "அண்ணே, சண்டை ரீல் வந்ததும் சத்தத்தைக் கூட்டிவை" என்றாய். எதற்கென்று தெரிந்தேதான் கூட்டினேன். உங்கள் சாராயக் கும்பலின் ஆள் சுட்டான். படத்துச் சத்தம் என்று ஜனங்கள் விசிலடித்தார்கள். விளக்கைப் போட்டபோது இன்ஸ்பெக்டர் நாற்காலியிலேயே சரிந்து கிடந்தார்.

"சுட்டவன், சொன்னவன், எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. இனி நம்மளைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லண்ணே" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டாயே, தம்பி.

வழக்கம்போல் எதிர்வீட்டம்மாவிடம் கொடுத்தேன். நீ ஊரைவிட்டுப் போனபின் குடிவந்தவர். பாதியில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தார். பிறகு, "பதில் போடணுமில்ல? சொல்லுங்க, எழுதறேன்" என்றார்.

நீ ஒருத்தரை எண்ணாமல் விட்டுவிட்டாய்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.
சொல்லச் சொல்ல எழுதியது: இன்ஸ்பெக்டரின் மனைவி.