விட்பியில் நீர் விலகும் நேரம்

ஏப்ரல் 9, புதன்

வினிதா இன்று வீட்டுக்கே வந்துவிட்டாள். டிராவல்ஸ் வைத்திருப்பவள் ஒருத்தரைத் தேடி வருகிறாள் என்றால் காரியம் பெரிசு. இங்கே மைசூர் விஜயநகரிலிருந்து பத்துப் பென்ஷன்காரர்கள் ஜூனில் இங்கிலாந்து போகிறார்கள். லண்டனெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். நடுவில் மூன்று நாள் விட்பி என்று ஒரு பழைய கடற்கரை ஊர். அதற்கு நான் திட்டம் போட வேண்டுமாம். கூட்டிப் போவது அவள் ஆபீஸ் பெண் சைத்ரா.

"இது நல்லபடியா முடிஞ்சா செப்டம்பர் குரூப்பை நீங்களே கூட்டிட்டுப் போங்க மேடம்" என்றாள்.

மைசூர் ஸ்டேஷன் விசாரணைக் கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து ஊரையெல்லாம் வழியனுப்பியாயிற்று. நான் போன அதிகபட்ச தூரம் ஹரித்துவார். எனக்குப் போக வேண்டும். ரொம்ப வேண்டும். இதை எழுத என்ன வெட்கம்?

ஏப்ரல் 17, வியாழன்

விட்பி இப்போது எனக்கு தேவராஜ மார்க்கெட் மாதிரி. கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன். ஆறு கடலில் சேரும் இடம். இரண்டு கரைக்கும் நடுவே ஒரு பாலம், கப்பல் வந்தால் அப்படியே திரும்பி வழிவிடும். கிழக்குக் குன்றில் கூரையில்லாத பழைய மடாலயம், அதற்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது படி. சாமுண்டி மலை ஆயிரம் படி ஏறினவர்களுக்கு இது ஒரு படியா? ஆனால் குரூப்பில் எழுபத்துமூன்று வயது முழங்கால்களும் இருக்கின்றன. பின்பக்கம் கார் போகும் சாலையைக் கண்டுபிடித்து வைத்துவிட்டேன்.

மேற்குக் குன்றில் திமிங்கல எலும்பில் ஒரு வளைவு. எல்லோரும் அதன் கீழே நின்று போட்டோ எடுப்பார்களாம். "எலும்புக்கு அடியில போனா வந்து குளிக்கணுமா?" என்று இவர் கேட்டார். ஸ்ரீகண்டனுக்கு ரிட்டயரானதிலிருந்து இதே வேலை.

ஏப்ரல் 26, சனி

இன்று என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். அந்த ஊரில் மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும்தான் பேர் போனது. நம்மவர்கள் மீனை ஒதுக்கிவிட்டு, 'சிப்ஸ் சைவம்தானே' என்று ஒரு கை பார்ப்பார்கள். அங்கே நிறையக் கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள்! பதினொரு கடைக்கு மெயில் போட்டேன். மூன்று பேர்தான் தாவர எண்ணெய் என்று பதில் எழுதினார்கள். அந்த மூன்றை மட்டும் போட்டிருக்கிறேன்.

வினிதாவுக்குப் போனில் சொன்னேன். "நல்ல வேளை மேடம், நீங்க இருந்தீங்க" என்றாள்.

மே 5, திங்கள்

குரூப்பை நேரில் பார்த்தேன். சுப்பையா சார் என்று ஒருவர், கொள்ளேகால் பக்கம், பட்டுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். முழங்கால்காரர் இவர்தான். திட்டத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்கம்மா, ராகு காலம் நம்மூரு நேரம் பாக்கறதா, அந்தூரு நேரமாங்க?"

"எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவீங்களோ, அந்த ஊர் நேரம்."

"அப்ப வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டியும் மணல்ல நடக்கறதுன்னு போட்டிருக்கீங்களே. அது ஆகாதுங்களே."

கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் அந்த மணலில் நடக்க முடியும், அடுத்த ஊர் வரைக்கும் இரண்டரை மைல், ஒரு பக்கம் செங்குத்தான பாறை, தண்ணீர் ஏறிவிட்டால் வழியே கிடையாது என்று விளக்கினேன். கடலுக்கு ராகு காலம் தெரியாது சார் என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மே 20, செவ்வாய்

ஒன்று கவனித்தேன். இங்கிலாந்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கிறார்கள். நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது, கோடையானாலும் மழையானாலும் ஒரே நேரம். கடல் ஏறி இறங்கும் பட்டியலோ பழைய நேரத்தில்தான் இருக்கும், ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரையில் போட்டிருந்தான். கூட்டிவிட்டேன். பட்டியலில் அந்த வெள்ளிக்கிழமை நீர் முழுக்க விலகுவது 10.10. என் திட்டத்தில் 11.10. வேறு யாராவது இருந்தால் கோட்டை விட்டிருப்பார்கள். டைம் டேபிளோடு குடித்தனம் நடத்தினவளிடமா?

ஜூன் 4, புதன்

கிளம்பிவிட்டார்கள். சுப்பையா சார் தலையில் மங்கி கேப்.

ஜூன் 12, வியாழன்

சைத்ரா போட்டோ அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். மடாலயத்துக்குக் கார் வந்தது. சிப்ஸ் சைவம். பாலம் திரும்பியபோது எல்லோரும் கைதட்டினார்களாம். நாளை மணல் நடை ஒன்றுதான் பாக்கி. பாஸ்போர்ட் எங்கே என்று பீரோவில் தேடி எடுத்து வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி



விட்பி துறைமுகத்தில் ஒரு கேமரா உண்டு, கம்ப்யூட்டரில் நேரடியாகத் தெரியும். மத்தியானம் மூன்றேகாலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பத்தே முக்கால். என் கணக்குப்படி தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் சேற்றில் சாய்ந்து கிடந்த ஒரு நீலப் படகைச் சுற்றித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வடியவில்லை, ஏறியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஏறித்தான் இருந்தது.

பட்டியலைத் திறந்து கடைசிவரை போனேன். அடியில், எறும்பு எழுத்தில், 'கோடை நேரம் சேர்க்கப்பட்டுள்ளது'. அவனே ஒரு மணி கூட்டிவிட்டான். நான் அதுக்கு மேல இன்னொரு மணி கூட்டியிருக்கேன். முட்டாள். அடி முட்டாள். அவங்க திரும்பி வர்றப்போ பாறைக்கும் தண்ணிக்கும் நடுவுல மாட்டிப்பாங்க. பத்துப் பேர். அந்த முழங்காலை வெச்சுண்டு அவர் எங்க ஓடுவார்?

சைத்ராவைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"ஆன்ட்டி, லேட் ஆயிடுச்சு, சாரி. இன்னும் மணல்லயே இறங்கலை. சுப்பையா அங்கிள் ராகு காலம்னு பெஞ்சுல உக்காந்துட்டார், பன்னெண்டு வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாராம். நான் ஏன் மாடலி?" நான் என்ன செய்யட்டும் என்கிறாள்; பதற்றம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நொடியில், மழை வருகிறது, நடை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதுமே என்று தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? செப்டம்பர் என் கையில் இருக்கும். ஆனால் மழை இல்லை என்றதும் இறங்கிவிடுவார்களே. நாளைக்கும் என் தப்பு நேரத்தைப் பார்த்துத்தானே நடப்பார்கள்?

"இறங்காதே. நேரத்தைத் தப்பாப் போட்டுட்டேன். தண்ணி திரும்பிடுத்து. தப்பு என்னோடது. எல்லாரையும் மேலே ரோட்டுல பஸ்ஸுல கூட்டிண்டு போ."

அப்புறம்தான் சொன்னாள், போன் ஸ்பீக்கரில் இருந்ததாம். பத்துப் பேரும் கேட்டிருக்கிறார்கள்.

வினிதாவுக்கும் நானே சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

"செப்டம்பருக்கும் சைத்ராவே போகட்டும் மேடம்" என்றாள் வினிதா. கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்து, குக்கர் சத்தத்தில் அழுதேன். இவர் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். கேலியும் பண்ணவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பாஸ்போர்ட்டைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

வாசலில் சுப்பையா சார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே பட்டாணி அளவு கறுப்புக் கல், விட்பியில் கிடைக்கும் ஜெட் கல். "உங்களுக்குத்தானுங்க" என்றார்.

அன்றைக்கு நீங்கள் உட்காராமல் இருந்திருந்தால், என்று ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

"நான் உக்காந்தது ராகு காலத்துக்குங்க. தண்ணி ஏறுதுன்னு எனக்கென்ன தெரியும்? பன்னெண்டு அடிச்சா நானும் எறங்கித்தான் இருப்பேன். நிறுத்துனது நீங்க." பிறகு விஷயத்துக்கு வந்தார். சம்பந்தி வீட்டார், தம்பி வீட்டார் என்று எட்டுப் பேர் செப்டம்பரில் அதே ஊருக்குப் போக வேண்டுமாம். அவரும் மறுபடி வருகிறாராம், அந்த மணலில் நடக்காமல் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். "அந்தம்மா கூட வந்தாத்தான் பணம் கட்டுவோம்னு வினிதாகிட்டச் சொல்லிப்போட்டேன். ஆனா ஒண்ணுங்க, ராகு காலத்தை விட்டுத்தான் நேரம் போடோணும்."

போடுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி. விட்பி

மணி பதினொன்று ஐம்பது. மணலுக்கு இறங்கும் சரிவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று தாளைப் பிடுங்குகிறது. இன்று நீர் முழுக்க விலகுவது இரண்டு மணிக்கு. பட்டியலை அடிக்குறிப்போடு படித்தேன், துறைமுக ஆபீசுக்குப் போன் செய்தேன், காலையில் ஒரு படகுக்காரரிடமும் கேட்டேன். மூன்று இடத்திலும் ஒரே நேரம்தான்.

எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயார். இறங்கலாமா என்று சம்பந்தியம்மாள் மூன்று தடவை கேட்டாகிவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, உட்காருங்கோ என்று நான்தான் சொன்னேன். சுப்பையா சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கும் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.