முதல் குண்டு என்னுடையதாம்

1997 அக்டோபர் 18, சனி. பேர்லேண்ட்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடி வெட்டும் கடையில் காத்திருந்தபோது புரட்டிய வேட்டைப் பத்திரிகையை, சொந்த அனுபவம் போல ஆபீஸில் அவிழ்த்துவிட்டேன். எந்த மிருகத்துக்கு எந்தக் காலிபர், அதாவது எந்தக் குண்டு அளவுத் துப்பாக்கி என்று ஒரு பிரசங்கம். சாதாரண மானுக்கு .243 போதும், குதிரை உயரம் நிற்கும் எல்க் மானுக்கு .30-06, பெரிய கரடிக்கு .338. என் மேனேஜர் டேல் மெய்மறந்து கேட்டார். இந்தியாவில் நான் புலிகூட அடித்திருப்பேன் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

இன்று மத்தியானம் என்னைத் துப்பாக்கிக் கடைக்கே கூட்டிப்போய், நான் சொன்ன .30-06-ஐயே வாங்கிவிட்டார். கடைக்காரர் அதை நீட்டியபோது, பிறந்த குழந்தையை வாங்குவது போல இரு கையாலும் ஏந்தினேன். நவம்பரில் கொலராடோவில் எல்க் வேட்டையாம், முதல் குண்டு என்னுடையதாம். என் கிரீன் கார்டு கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி லலிதா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"கரப்பான்பூச்சி வந்தா என்னைக் கூப்பிடற ஆளு நீங்க! வெஜிடேரியன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"தினம் லஞ்ச்சுக்குத் தயிர்சாதம் சாப்பிடறதைப் பாக்கறார்டி. வயிறு சரியில்லைன்னு நெனச்சுட்டிருக்கார்."

குறி தவறினால் டேல் சிரிப்பார், தாங்கிக்கொள்வேன். தவறாமல் பட்டுவிட்டால்? அந்தக் குண்டு பட்ட எல்க் பிழைக்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவன் நான்தான்.