செங்கல் மேல் கட்டில்

அன்புள்ள பொன்னியம்மாளுக்கு, ஓசூரிலிருந்து தணிகாசலம் எழுதுவது. கிழவனான பிறகு கற்ற எழுத்து, முழுக்க என் கையால் எழுதினேன்! பேத்தி கீர்த்தியைப் படிக்கச் சொல்லிக் கேள். உன் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நான் காவல் காக்கும் மனைகளுக்கு முதலாளி போர்டு எழுதச் சொன்னார். "வெள்ளம் வராத இடம்" என்று நானே பெயிண்டில் எழுதி, அதையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று, இங்கே வீடு கட்ட அனுமதி தரலாமா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்.

"மழைத்தண்ணி நிக்குமா பெரியவரே?"

பெருமையாகப் போர்டைப் படித்துக் காட்டினேன். அவர் என் காவல் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் உங்க கட்டில் செங்கல் மேல நிக்குது?"

செவிலிமேட்டில் பாலாற்றுத் தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்தபோது நீ வைத்தாயே, அதே மாதிரி போன மழையில் நான் வைத்த செங்கல். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"முட்டி வரைக்கும் நின்னுதும்மா" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

குளிருக்குப் பழைய போர்வை ஒன்று அனுப்பு. இல்லை, வேண்டாம், நானே வந்தாலும் வருவேன். காலையில் போர்டில் ஒரு சொல்லை அழித்து, "வெள்ளம் வரும் இடம்" என்று மாற்றிவிட்டேன். வண்டிச் சத்தம் கேட்கிறது, முதலாளிதான். நிறுத்துகிறேன்.

தணிகாசலம்